மறதியை வென்ற எழுத்து

கரும்பு இனித்தது, அதனை விளைவித்தோரின் வாழ்வு கசந்தது. கரீபியன் கடலிலுள்ள ஆன்டிகுவா தீவின் பதினெட்டாம் நூற்றாண்டு நிலை இதுவே. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டோரும் அவர்தம் வழிவந்தோரும் ஆங்கிலேயரின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தனர். அத்தீவில் 1768ஆம் ஆண்டு பிறந்தவர் ஆன் ஹார்ட் கில்பர்ட்.

ஆப்பிரிக்க மரபினர் எனினும் அவருடைய குடும்பத்தினர் அடிமைத்தளை அற்றவர்கள். தந்தை பாரி கான்யர்ஸ் ஹார்ட் கவிதை எழுதும் ஆற்றல் பெற்றவர். தோட்டமும் அடிமைகளும் உடையவர். எனவே, தமக்குக் கிடைத்த கல்வி பிறருக்கு மறுக்கப்படுவதைக் கண்டே ஆன் வளர்ந்தார். தாயின் மறைவுக்குப்பின் தம்பி தங்கையரைப் பேணும் பொறுப்பு மூத்தவரான அவரைச் சேர்ந்தது. 1786இல் தங்கை எலிசபெத்துடன் மெதடிஸ்ட் திருச்சபையில் இணைந்தார். 1798இல் வெள்ளையரான ஜான் கில்பர்ட்டை மணந்தார். நிறவேற்றுமை பாராட்டிய சமூகம் இத்திருமணத்தை எள்ளி நகையாடியது. தம்பதியர் இருவரும் அதற்கு அஞ்சவில்லை.

1804இல் சமயகுரு ரிச்சர்ட் பாட்டிசனின் வேண்டுகோளுக்கு இணங்கி, அத்தீவில் மெதடிசம் வளர்ந்த வரலாற்றை ஆன் கடித வடிவில் எழுதினார். அங்கு அந்நெறிக்கு வித்திட்டவர் நத்தானியேல் கில்பர்ட் என்னும் தோட்ட உரிமையாளர். 1774இல் அவர் மறைந்ததும் வழிநடத்துவாரின்றித் தவித்த அடியார் கூட்டத்தைச் சிதறாமல் காத்தவர்கள் இரு பெண்கள்: கறுப்பினத்தவரான சோஃபியா கேம்பெல், கலப்பினத்தவரான மேரி ஆலி. 1778இல் ஜான் பாக்ஸ்டர் வந்து பொறுப்பேற்கும்வரை அவர்களே கூட்டத்தைத் தாங்கினர். அதிகாரமும் பதவியும் அற்ற அவ்விருவரின் தொண்டினை ஆனின் எழுத்தே மறதியிலிருந்து மீட்டது.

எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை. 1809இல் இங்கிலிஷ் ஹார்பரில் எலிசபெத்தின் துணையுடன் ஞாயிறு பள்ளி ஒன்றைத் தொடங்கினார். கரீபியன் பகுதியின் முதல் ஞாயிறு பள்ளி எனப் போற்றப்படும் அங்கு, அடிமைகளின் பிள்ளைகளும் ஏனையோரின் பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்து பயின்றனர். ஆதரவற்ற சிறுமியர்க்காகப் பெண்கள் புகலிடச் சங்கத்தையும் சகோதரியர் நிறுவினர்.

1833இல் கணவர் காலமானார். அவர் முடிக்காது விட்டுச்சென்ற வாழ்க்கைக் குறிப்புகளை முதுமையிலும் ஆன் எழுதி நிறைவுசெய்தார். 1834இல் தாமும் மறைந்தார். அதே ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் ஆன்டிகுவாவில் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலை பெற்றோருள் எழுத்தறிந்தவர்களும் இருந்தனர். விடுதலைக்கு முன்பே அவர்களுக்கு அறிவின் கதவைத் திறந்துவைத்தோருள் ஆனும் ஒருவர்.