பாதியில் நின்ற கதையை மறுபடி எடுத்தவர்

சந்தா விஷயமாக ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போயிருந்தோம். கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெண்பிள்ளை பழைய பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்து நீட்டியது. நாவலாம்! பள்ளி லீவில் அவசர அவசரமாக எழுதினதாம். இப்போது எடுத்துப் படித்தால் வெட்கமாக இருக்கிறது, அடுப்பில் போட்டுவிடட்டுமா என்று கேட்டது. வேணாம் பிள்ளை என்று சொல்லி, அ. மாதவையாவின் கதையைச் சொல்லிவிட்டு வந்தோம். அதையே இங்கேயும் சொல்கிறோம்.

மாதவையா 1872-ல் திருநெல்வேலிச் சீமையில் பெருங்குளம் என்ற ஊரில் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் படித்தவர். அவருக்கும் அந்தக் கால வழக்கப்படி சின்ன வயதிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. 1892-ல், இருபது வயதில், ‘விவேக சிந்தாமணி’ என்ற மாதப் பத்திரிகையில் ‘சாவித்திரி சரித்திரம்’ என்று ஒரு தொடர்கதை எழுத ஆரம்பித்தார். அது பாதியிலேயே நின்று போயிற்று.

பிறகு உப்பு, சாராய இலாகாவில் சர்க்கார் உத்தியோகம். (சாராய இலாகா என்றதும் நம்மவர்களுக்குத் தோட்டத்துக் கள்ளுக்கடைதான் ஞாபகம் வரும்!) ஊர் ஊராக மாற்றல். அந்த அலைச்சலுக்கு நடுவில் 1898-லும் 1899-லும் ‘பத்மாவதி சரித்திரம்’ இரண்டு பாகங்களை வெளியிட்டார். நல்ல பெயரும் வந்தது. அதோடு பழைய கதையை மறந்திருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்?

அவர் மறக்கவில்லை. ஒரு பக்கம் வெட்டி முடித்த ரப்பர் மரத்தில் பட்டை மறுபடி வளர ஏழெட்டு வருஷம் விட்டுவைத்து, அப்புறம் அதே இடத்தில் கத்தி வைப்பதில்லையா? பதினோரு வருஷம் கழித்து அதே கதையைத் திருத்தி எழுதி முடித்தார். 1903-ல் ‘முத்துமீனாக்ஷி’ என்ற பெயரில் புத்தகமாக வந்தது.

கதை என்ன? சிறுமியாகக் கட்டிக்கொடுக்கப்பட்டு, மாமியார் வீட்டில் சீரழிந்து, இளம் வயதிலேயே தாலியறுத்த ஒரு பிராமணப் பெண் தன் கதையைத் தானே சொல்கிறாள். கடைசியில் மறுமணமும் செய்துகொள்கிறாள். நம் லயங்களில் புருஷனை இழந்தவள் வயிற்றுப்பாட்டுக்காகவாவது பிரட்டுக்குப் போய் நின்றாள். அக்கிரகாரத்து விதவைக்கோ மொட்டைத் தலையும் மூலை வீடுந்தான். அப்பேர்ப்பட்ட காலத்தில், அதே ஜாதியில் பிறந்த ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர் இப்படி எழுதினார். இருபது வயதில் எழுதினதை வாலிப வேகம் என்று ஜனங்கள் தள்ளிவிடலாம். முப்பது வயதில், பிள்ளைகுட்டிக்காரரான பிறகு, யோசித்து மறுபடி எழுதினதை அப்படித் தள்ள முடியுமா? நமக்கு அவர் மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

ஆங்கிலத்திலும் ‘கிளாரிந்தா’ முதலான நாவல்கள் எழுதினார். வயது வரும் முன்பே உத்தியோகத்தை விட்டு எழுத்து வேலையில் இறங்கி, ‘பஞ்சாமிர்தம்’ என்ற பத்திரிகையும் நடத்தினார்.

1925 அக்டோபர் 22. சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் எழுந்து, பி.ஏ. படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசினார். பேசி உட்கார்ந்தவர் அங்கேயே சாய்ந்துவிட்டார். வயது 53.

அப்போது ‘பத்மாவதி சரித்திர’த்தின் மூன்றாம் பாகத்தை எழுதிக்கொண்டிருந்தார். அது பாதியிலேயே இருக்கிறது.