மூடிய கதவுகள் காட்டிய வழி
டோனாவூர் எமி கார்மைக்கேல் அம்மையாரின் கதை

திருநெல்வேலிச் சீமையில், மேற்கு மலை அடிவாரத்தில், களக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது டோனாவூர். ஜெர்மனி தேசத்துப் பிரபு டோனா என்பவரின் பொருளுதவியால் உண்டான ஊர். அதனால்தான் அந்தப் பெயர். இந்தச் சிற்றூரை உலகம் அறியும்படி செய்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. அவர்தான் எமி கார்மைக்கேல் அம்மையார்.

கடவுளுக்கு ஊழியம் செய்ய ஆசைப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் எங்கே போவது? எந்த வேலையைச் செய்வது? ஆண்டவன் காட்டும் வழி இதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்தக் கேள்விகளோடு அம்மையார் பல வருடங்கள் போராடினார்.

மில் பெண்கள்

1867-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி, அயர்லாந்தின் வடபகுதியில் மில்லிஸ்ல் என்ற கடற்கரைக் கிராமத்தில் எமி பிறந்தார். தந்தை மாவு மில் முதலாளி. எமிதான் மூத்த பெண். அவருக்குப் பின் ஆறு பேர். வியாபாரம் நொடித்தது. 1885-ல் தந்தையும் காலமானார்.

அப்போது குடும்பம் பெல்பாஸ்ட் நகரில் இருந்தது. அங்கே மில்லில் வேலை செய்த ஏழைப் பெண்கள் தொப்பி வாங்க வசதியின்றிச் சால்வையால் தலையை மூடிக்கொள்வார்கள். பெரிய மனிதர்கள் வரும் தேவாலயத்தில் அவர்களுக்கு மதிப்பில்லை. எமி அவர்களைச் சேர்த்துக்கொண்டார். கூட்டம் பெருகியது. அவர்களுக்காகத் தகரக் கூடம் ஒன்றையே எழுப்பிவிட்டார்.

மனப் போராட்டம்

ராபர்ட் வில்சன் என்ற முதியவர், மனைவியையும் மகளையும் பறிகொடுத்தவர். எமியைத் தம் மகளாகவே வீட்டில் வைத்துக்கொண்டார். 1892 ஜனவரி 13-ந் தேதி, தூர தேசத்துக்குப் புறப்பட்டுப் போ என்ற கட்டளை தம் உள்ளத்தில் விழுந்ததாக எமி உணர்ந்தார்.

ஆனால் ஒரு பக்கம் விதவைத் தாய். மறுபக்கம் தள்ளாத வயதில் வளர்ப்புத் தந்தை. இருவரையும் விட்டுப் போவது பாவம் அல்லவா? எமி தவித்தார். தாய்க்குக் கடிதம் எழுதினார். தாய் தடை சொல்லவில்லை. மகள் தன்னுடையவள் அல்ல, கடவுளுடையவள் என்று பதில் அனுப்பினார். வில்சனும் கண்ணீரோடு விடை கொடுக்கச் சம்மதித்தார்.

சீனாவுக்குப் போவது என்று முடிவாயிற்று. லண்டனில் சீனா மிஷனில் சேர்ந்தார். மூட்டை முடிச்சுகளும் தயார். அப்போது டாக்டர் குறுக்கிட்டார். இந்த உடம்பு சீனாவுக்குத் தாங்காது என்று சொல்லிவிட்டார். முதல் கதவு மூடியது!

1893-ல் ஜப்பானுக்குக் கப்பல் ஏறினார். பதினைந்து மாதந்தான். கடுமையான தலைவலியும் நரம்பு வலியும் வாட்டின. இரண்டாவது கதவும் மூடியது. 1894-ல் இலங்கைக்குச் சென்றார். அங்கே வேலை தொடங்கிய சில மாதங்களில், வில்சன் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று செய்தி வந்தது. ஊருக்கு ஓடினார்.

மூன்று முயற்சி. மூன்றிலும் தடை. ஊழியத்துக்கே இவள் தகுதி இல்லை என்று பிறர் நினைத்திருக்கலாம். எமி மட்டும் நினைக்கவில்லை.

பெங்களூரிலிருந்து ஒரு தோழி கடிதம் எழுதினார். அந்த ஊர்ச் சீதோஷ்ணம் உடம்புக்கு நல்லது என்று அதில் கண்டிருந்தது. இந்தியாவுக்கு வர எமிக்கு முன்பு எண்ணமே இல்லை. உடம்பை உத்தேசித்தே சம்மதித்தார். 1895 நவம்பரில் சென்னையில் இறங்கினார். பெங்களூர் போய்ச் சேர்ந்ததும் டெங்கு காய்ச்சல் பிடித்துக்கொண்டது! ஆனால் இந்தத் தடவை அவர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு 55 ஆண்டுகள், ஒரு தடவைகூடத் தாய்நாடு போகாமல் இங்கேயே இருந்துவிட்டார்.

சிறுமி வந்தாள்

திருநெல்வேலியில் வாக்கர் பாதிரியாரிடம் தமிழ் படித்தார். புடவை கட்டிக்கொண்டார். பொன்னம்மாள் முதலிய தமிழ்ப் பெண்களோடு மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொன்னார். இதுதான் தம் வேலை என்று நிச்சயமாக நம்பினார்.

1901 மார்ச் மாதம். பண்ணைவிளையில் ஒரு காலை. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை அழைத்து வந்தார்கள். பெயர் பிரீனா. கோவிலுக்குப் பொட்டுக் கட்டுவதற்காக விடப்பட்டவள். முன்பே ஒரு தடவை தப்பித் தூத்துக்குடிக்குத் தாயிடம் ஓடியிருக்கிறாள். தாய் பயந்து திருப்பி ஒப்படைத்துவிட்டாள். தண்டனையாகக் கையில் சூடு. மறுபடியும் தப்பி வந்த அந்தக் குழந்தை அம்மையாரின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இன்னும் குழந்தைகள் வந்தார்கள். 1904-க்குள் 17 பேர் ஆகிவிட்டார்கள். கைக்குழந்தைகளும் உண்டு. பால் காய்ச்சவும் தொட்டில் ஆட்டவும் ஆள் வேண்டும். ஊர் ஊராகப் போவது எப்படி?

இதுதான் அம்மையாருக்கு வந்த பெரிய சோதனை. பிரசங்கம் செய்ய வந்தவர் ஆயா வேலை பார்ப்பதா என்று சக ஊழியர்களே குறை கூறினார்கள். அவருக்கும் மனம் சஞ்சலப்பட்டது. இயேசுநாதர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்துப் பார்த்தார். எஜமான் செய்த வேலையில் உயர்வு தாழ்வு ஏது? சஞ்சலம் நீங்கிற்று. மாட்டு வண்டிப் பயணம் நின்றது. டோனாவூரில் குழந்தைகளின் இல்லம் வளர்ந்தது. யாரிடமும் பணம் கேட்பதில்லை, ஜெபம் மட்டுமே என்பது அவர் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. 1918 முதல் ஆண் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார்.

படுக்கையில் 20 ஆண்டு

1931 அக்டோபரில் இன்னொரு கதவு மூடியது. களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனவர் இருட்டில் பள்ளத்தில் விழுந்தார். கால் முறிந்தது. அதன் பிறகு ஏறக்குறைய 20 வருடம் அறையே கதி. ஓடியாடிய கால் நின்றபோது கை எழுதத் தொடங்கியது. படுக்கையில் இருந்தபடியே பல புத்தகங்கள் எழுதினார்.

1947-ல் சென்னை மாகாணத்தில் பொட்டுக் கட்டுவதைத் தடை செய்து சட்டம் வந்தது. அதைக் காணும் பாக்கியம் அவருக்குக் கிடைத்தது. 1951 ஜனவரி 18-ந் தேதி, தம் 83-வது வயதில் கண் மூடினார்.

கல்லறைக் கல் வேண்டாம் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். ஆகவே பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டி வைத்தார்கள். அதில் அவர் பெயர்கூட இல்லை. அம்மை என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. சீனாவுக்குப் போகப் பெட்டி கட்டியவர், கடைசியில் கண்டுகொண்ட வேலையின் பெயர் அது.