கூட்டினுள் நின்ற விசுவாசி



கினிகத்தேனையிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் நோக்கிச் செல்லும் பாதையில் நீங்கள் பயணித்திருக்கக்கூடும். 1950ஆம் ஆண்டு லக்ஷபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது இம்மலைப் பகுதியிலேதான். இங்கு பிறந்த மின்சாரம் தொலைதூர நகரங்களுக்கு ஒளியூட்டியபோதும், தோட்டத்து லயன் அறைகள் பலவற்றில் நெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது என்பதை நம் மூத்தோர் நன்கறிவர். அந்நிலையத்தின் மின்பிறப்பாக்கிகள் எந்தத் தத்துவத்தால் இயங்குகின்றனவோ, அதனைக் கண்டறிந்தவரும் வறுமையின் இருளை அறிந்தவரே. அவர்தாம் மைக்கேல் பரடே.

1791ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் திகதி இலண்டனுக்கு அருகே ஓர் ஏழைக் கொல்லரின் மகனாக அவர் பிறந்தார். பஞ்ச காலத்தில் ஒரு வாரத்துக்கு ஒரேயொரு ரொட்டி அவருடைய பங்காகக் கிடைத்ததுண்டு. எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்குமே பள்ளியில் அவர் கற்றவை. பதினான்காம் வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களையே வாசித்து அறிவு பெற்றார். 1812இல் ஹம்ப்ரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டு, குறிப்புகளை நூலாகக் கட்டி அவருக்கே அனுப்பினார். மறு ஆண்டே ரோயல் நிறுவனத்தில் உதவியாளராக அமர்த்தப்பட்டார்.

காந்தத்திலிருந்து மின்சாரம் பெற அவர் செய்த முயற்சிகள் பல ஆண்டுகள் பலனளிக்கவில்லை. 1831இல்தான் உண்மை வெளிப்பட்டது. கம்பிச் சுருளின் அருகே காந்தம் அசையாதிருக்கும்வரை எதுவும் நிகழாது. அசையும்போது மாத்திரமே கம்பியில் மின்னோட்டம் பிறக்கும். இதுவே மின்காந்தத் தூண்டல்.

1836 ஜனவரியில் அவர் மற்றொரு சோதனையைச் செய்தார். ஒவ்வொரு பக்கமும் 12 அடி கொண்ட மரச்சட்டக் கூடொன்றை அமைத்து, அதனைச் செப்புக் கம்பியாலும் உலோகத் தகட்டாலும் போர்த்தினார். வெளிப்புறத்தில் தீப்பொறி பறக்குமளவுக்கு மின்னேற்றம் செய்யப்பட்டது. வேறொருவரை அனுப்பாமல் தாமே உள்ளே சென்றார். கையிலிருந்த கருவிகள் மின்னேற்றத்தின் அறிகுறி எதையும் காட்டவில்லை. ஏற்றமெல்லாம் கூட்டின் வெளிப்பரப்பிலேயே தங்கிவிட்டது. இடிமின்னலின்போது கண்ணாடிகளை மூடிய காருக்குள் இருப்போரை அதன் உலோக உடலே காக்கிறது. ரப்பர்ச் சில்லுகள் அல்ல. காரணம் இதுவே.

அன்பானவர்களே, அவருடைய வாழ்வும் அவ்வாறே அமைந்திருந்தது. புகழும் உயர்பதவியும் வெளியே பொறி பறக்கச் சூழ்ந்து நின்றன. ரோயல் சங்கத்தின் தலைவர் பதவி தேடி வந்தபோதும் அதனை ஏற்க மறுத்தார். சண்டமேனியர் எனப்பட்ட சிறு சபையின் எளிய ஆராதனையே அவருக்குப் பெரிதாயிருந்தது.

அச்சபையே அவரை ஒருமுறை காயப்படுத்தியது. 1840இல் மூப்பராகத் தெரிவு செய்யப்பட்ட அவர், 1844இல் சபை ஐக்கியத்திலிருந்து நீக்கப்பட்டார். உலகம் போற்றிய விஞ்ஞானிக்கு அது பெரும் தலைகுனிவு. மனம் மிக வருந்தினார். ஆயினும் சபையை விட்டு விலகிச் செல்லவில்லை. சில வாரங்களில் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். மூப்பர் பணி மீண்டும் கிடைக்க 1860 வரை காத்திருந்தார். 1867 ஆகஸ்ட் 25ஆம் திகதி மரித்தபோது, பேரரசர்களோடு அல்ல, ஹைகேட் மயானத்தில் எளிமையாக அடக்கம் செய்யப்பட்டார்.

கூடு மின்னலை நிறுத்துவதில்லை. உள்ளே நிற்பவனையே காக்கிறது. வெளியே நின்று அதன் வலிமையைப் புகழ்பவனுக்கு அதனால் பயனில்லை. புறக்கணிப்பும் குறைசொல்லும் உங்களைச் சூழும் வேளையில், தேவனுடைய அடைக்கலத்தைப் பற்றிப் பேசுவதோடு நின்றுவிடாதீர்கள், அதற்குள் பிரவேசியுங்கள். உள்ளே அமைதி பெற்றபின் சும்மாயிருந்துவிடவும் வேண்டாம். அசையாத காந்தம் ஒளி தருவதில்லை. அயல் வீட்டில் இன்னும் குப்பி விளக்கு எரிகிறதா என்று சென்று பாருங்கள். கர்த்தர்தாமே உங்களைக் காத்து நடத்துவாராக.