சுழலும் முக்கோணம் தந்த பெலிக்ஸ் வான்கெல்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலையோரம் உள்ள ஒர்க்ஷாப் ஒன்றில் என் தந்தையார் மெக்கானிக். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எஞ்சினில் கம்ப்ரஷன் இருக்கிறதா என்று பார்க்க அவர் முதலில் கேஜைத் தேடுவதில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் கட்டைவிரலை வைப்பார். காற்று விரலைத் தள்ளும் வேகத்தைக் கொண்டே பிஸ்டன் ரிங் தேய்ந்ததா என்று சொல்லிவிடுவார். பிஸ்டனே இல்லாத எஞ்சின் ஒன்று உண்டு என்று நான் ஒருநாள் சொன்னபோது அவர் நம்பவில்லை. அப்படியானால் அதில் கம்ப்ரஷனை எப்படிப் பார்ப்பது என்று கேட்டார். விடை தேடப் போன இடத்தில்தான் பெலிக்ஸ் வான்கெல் எனக்கு அறிமுகமானார்.

1902ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் நாள், ஜெர்மனியில் லார் என்னும் ஊரில் பிறந்தார். வனத்துறை அலுவலரான தந்தை 1914இல் முதல் உலகப் போரில் மாண்டார். தாயாருடன் ஹைடல்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்த வான்கெல், பள்ளி இறுதித் தேர்வு எழுதாமலே 1921இல் படிப்பை விட்டார். பதிப்பகம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே, 1924இல் சிறு பட்டறை வைத்தார். கண்பார்வை மிகக் குறைவு. வாழ்நாள் முழுவதும் ஓட்டுநர் உரிமம் பெறவில்லை. இதைக் கேட்டுத் தந்தையார் வெகுநேரம் சிரித்தார்.

வளைந்த பக்கங்களுடைய முக்கோணம் ஒன்று, இடுப்பு ஒடுங்கிய அறைக்குள் சுழல வேண்டும். அதன் மூன்று முனைகளும் எந்நேரமும் சுவரைத் தொட்டபடி இருக்க வேண்டும். காகிதத்தில் வரைய எளிதுதான். முனைகளில் காற்று கசியாமல் அடைப்பதே கடினம். வான்கெல் பல ஆண்டுகள் போராடியது இந்த அடைப்போடுதான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இளமையிலேயே அவர் நாஜிகளோடு சேர்ந்தவர். வட்டாரத் தலைவரோடு மோதி 1933இல் சிறை சென்றார். ஆனால் பிறகு அதே ஆட்சியின் தயவில் போர் விமான எஞ்சின்களுக்காக உழைத்தார், 1940இல் எஸ்.எஸ். அமைப்பில் பதவியும் பெற்றார். 1945இல் பிரெஞ்சுப் படையினர் அவருடைய பட்டறையைப் பிரித்தெடுத்து, அவரையும் சிறையிலிட்டனர். அவருடைய திறமையைப் பாராட்டும்போது இதைத் தாண்டிச் செல்ல என்னால் முடியவில்லை.

1951இல் என்.எஸ்.யு. நிறுவனம் அவரோடு ஒப்பந்தம் செய்தது. 1957 பிப்ரவரி 1ஆம் நாள் எஞ்சின் ஓடியது. அதில் முக்கோணமும் சுழன்றது, அதைச் சூழ்ந்த கூடும் சுழன்றது! பிளக் மாற்றவே எஞ்சினைப் பிரிக்க வேண்டும். ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே என்ற பொறியாளர் கூட்டை அசையாமல் நிறுத்தி எளிதாக்கினார். வான்கெலுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் உலகம் ஏற்றது அந்த வடிவத்தைத்தான்.

1967இல் வந்த ரோ 80 காரில் முனை அடைப்புகள் விரைவில் தேய்ந்தன. எஞ்சின்களை மாற்றிக் கொடுத்தே என்.எஸ்.யு. நொடித்தது, 1969இல் தனி நிறுவனமாக இல்லாமல் போயிற்று. ஜப்பானில் மஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோ குழுவினர் அடைப்பின் பொருளை மாற்றி வென்றனர். 1991இல் லே மான் பந்தயத்திலும் அந்த எஞ்சினே முதலில் வந்தது. கல்லூரியில் படிக்காத வான்கெலுக்கு மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1969இல் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1988 அக்டோபர் 9ஆம் நாள் அவர் மறைந்தார். 2009இல் நம் நாட்டிலேயே செய்த வான்கெல் எஞ்சினுடன் நிஷாந்த் என்னும் ஆளில்லா விமானம் கோலார் அருகே பறந்தது.

தந்தையாரின் கேள்விக்கு வருகிறேன். முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் ஒரே பிளக் துளையை மாறி மாறிக் கடக்கின்றன. சாதாரண கேஜ் மூன்றில் பெரிய அழுத்தத்தை மட்டும் பிடித்துவைத்து, மற்ற இரண்டின் பலவீனத்தை மறைத்துவிடும். எனவே கேஜினுள் இருக்கும் ஒருவழி வால்வை எடுத்துவிட்டு, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு முள்ளைப் பார்க்க வேண்டும். மூன்று துள்ளலும் சமமாக இருந்தால் நலம். அடுத்தடுத்து இரண்டு தளர்ந்தால், அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள முனை அடைப்பில் சந்தேகம்.

இதை விளக்கியபோது தந்தையார் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். துள்ளல் மூன்று என்றால் விரலுக்கும் மூன்று தெரியுமே, கேஜ் எதற்கு என்றார்.