துபாஷி ஆனந்தரங்கம் பிள்ளை

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரையில் ஜெகதாப்பட்டினம் என்றோர் ஊர் இருக்கிறது. பாக் நீரிணையை நம்பி வாழும் ஊர் அது. அங்கிருந்து மீன் பிடிக்கச் செல்லும் விசைப்படகு சில மணி நேரத்திற்குள் கண்ணுக்குப் புலப்படாத ஓர் எல்லையை எட்டிவிடுகிறது. 1974-ஆம் ஆண்டில் டில்லி அரசாங்கமும் கொழும்பு அரசாங்கமும் செய்துகொண்ட உடன்படிக்கையில் வகுக்கப்பட்ட எல்லை அது. அதை வகுத்த சபையில் வலை வீசுகிறவனுக்கு ஆசனம் இல்லை. ஆனால், அதைக் கடந்தால் படகை இழப்பவனும் சிறை புகுபவனும் அவனே. தொலைவில் இடப்படும் கையொப்பம் கரையிலுள்ளவனின் அடுப்பை அணைக்கும் என்ற உண்மை இக்கடற்கரைக்குப் புதிதன்று. இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே இதைக் கண்ணாரக் கண்டு, நாள்தோறும் தம் கைப்பட எழுதிவைத்த தமிழர் ஒருவர் உண்டு. அவர்தாம் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரருக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கம் பிள்ளை. ஐரோப்பாவின் சரித்திரம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் அவருடைய வாழ்க்கையை ஒரு முறை சிந்தித்துப் பார்ப்பது நலம்.

பிள்ளை 1709-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 30-ந் தேதி சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை. உறவினரான நைனியப்ப பிள்ளை அப்பொழுது புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷியாக விளங்கினார். அவருடைய அழைப்பின் பேரிலேயே திருவேங்கடம் பிள்ளையின் குடும்பம் புதுச்சேரிக்குக் குடிபுகுந்தது. துபாஷி என்றால் இரு மொழி அறிந்தவர் என்பதே பொருள். எனினும் அவருடைய வேலை மொழிபெயர்ப்போடு நிற்பதன்று. நெசவாளருக்கு முன்பணம் சேர்ப்பதும், துணியை வாங்கித் தருவதும், நாட்டு மன்னரோடு கடிதப் போக்குவரத்து நடத்துவதும், நகரமக்களின் வழக்குகளைக் கேட்பதும் அவர் பொறுப்பாகவே இருந்தன. அவரின்றிக் கும்பினி ஒரு நாளும் நடவாது.

அத்தகைய பதவியும் எவ்வளவு நிலையற்றது என்பதைப் பிள்ளை சிறு வயதிலேயே உணரும்படி நேர்ந்தது. ஹெபேர் என்ற கவர்னர் நைனியப்ப பிள்ளைமீது குற்றம் சாட்டிக் கசையடியும் சிறைவாசமும் விதித்தான். அவர் 1717-ஆம் ஆண்டில் சிறையிலேயே மாண்டார். தண்டனை நியாயமற்றது என்று பின்னர் பிரான்சு தேசத்திலேயே தீர்ப்பாயிற்று. ஆனால், போன உயிர் மீளுமா? அவருடைய புதல்வர் குருவ பிள்ளை பிரான்சுக்குச் சென்று, கிறிஸ்தவ மதத்தைத் தழுவி, அரசரிடம் விருது பெற்றுத் திரும்பி, தந்தையின் பதவியில் அமர்ந்தார். அவரும் 1724-இல் காலமானார். இரண்டாண்டுகளுக்குப்பின் திருவேங்கடம் பிள்ளையும் மறைந்தார். பதினேழு வயது வாலிபராகிய ஆனந்தரங்கம் பிள்ளை குடும்பப் பொறுப்பை ஏற்றார். கும்பினியார் அவரைப் பரங்கிப்பேட்டையில் துணிக் கொள்முதல் பார்க்க அமர்த்தினர். அங்கே அவர் காட்டிய திறமையே பிற்கால உயர்வுக்கெல்லாம் அடிப்படையாயிற்று.

அக்காலத்து வர்த்தகம் எவ்வாறு நடந்தது என்பதைச் சிறிது நோக்க வேண்டும். ஐரோப்பியரிடம் நாம் விரும்பி வாங்கத்தக்க சரக்கு மிகக் குறைவு. நம்முடைய பருத்தித் துணிக்கோ அங்கே அளவிறந்த மோகம். அந்த மோகத்தைக் கண்டு அவர்களுடைய நாட்டு நெசவாளர்கள் கூக்குரலிட்டனர். பிரான்சு அரசாங்கம் 1686-ஆம் ஆண்டில் அச்சிட்ட சீட்டித் துணிகளைத் தடை செய்தது. 1759 வரையில் அத்தடை நீடித்தது. இங்கிலாந்தும் 1700-லும் 1721-லும் அவ்வாறே சட்டங்கள் இயற்றியது. தடையிருந்தும் துணி போய்க்கொண்டுதான் இருந்தது. வெள்ளை நிறத்திலும் நீல நிறத்திலும் சென்ற துணிகள் ஐரோப்பாவுக்கும், அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்கும் பரவின. ஈடாக வந்தது வெள்ளி. கப்பல் வெள்ளி கொண்டுவந்தால்தான் துபாஷி முன்பணம் கொடுப்பார். முன்பணம் வந்தால்தான் தறி ஓடும். தறி ஓடினால்தான் சாயமிடுவோனும் வெளுப்போனும் உண்பார்கள். கடலில் யுத்தம் மூண்டு கப்பல் வாராதாயின் இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அறுந்துபோகும். நம் கைத்தொழில் உலகத்தையே உடுத்தியது என்று பெருமை பேசுகிறோம். அப்பெருமை மெய்யே. ஆயினும் அந்தத் தொழிலின் உயிர்நாடி அந்நியனுடைய கப்பலிலும் அந்நியனுடைய பணப்பெட்டியிலும் இருந்தது என்பதையும் மறத்தல் கூடாது.

1736-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 6-ந் தேதி பிள்ளை தினசரிக் குறிப்பு எழுதத் தொடங்கினார். ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள், மரணத்தறுவாய் வரையில், அப்பழக்கத்தை அவர் கைவிடவில்லை. இலக்கியம் படைக்க வேண்டுமென்று அவர் எழுதினாரல்லர். கண்டதும் கேட்டதும் வியாபாரியின் கணக்குப் பேரேடு போல அதில் இடம் பெற்றன. துறைமுகத்திற்கு வந்த கப்பல், அதற்கு முழங்கிய பீரங்கி வேட்டுகள், கவர்னரின் கோபதாபங்கள், சரக்கு விலை, ஜாதிச் சண்டை, ஜாதகப் பலன் ஆகிய யாவும் பேச்சுத் தமிழில் ஒளிவு மறைவின்றிப் பதிவாயின. ஐரோப்பியர் நம்மைப்பற்றி எழுதிய நூல்கள் எண்ணிறந்தவை. அவர்களை இத்துணை அருகிலிருந்து கவனித்து நம்மவர் ஒருவர் அந்நூற்றாண்டில் எழுதிய நூல் இதைப்போல் வேறொன்று காண்பது அரிது.

1742-ஆம் ஆண்டில் டூப்ளே புதுச்சேரிக் கவர்னராக வந்தான். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் ஆஸ்திரியச் சக்கரவர்த்தி இறந்து, அவர் மகள் மேரியா தெரேசா பட்டமேறியபோது, சைலீஷியா என்னும் பிரதேசத்தைப் பிரஷ்ய மன்னன் கவர்ந்துகொண்டான். அந்தத் தகராறில் ஐரோப்பிய அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. 1744-இல் பிரான்சும் இங்கிலாந்தும் நேராகவே போர் தொடுத்தன. சைலீஷியா எங்கே? சென்னப்பட்டணம் எங்கே? ஆனால் 1746-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவன் லபூர்தொனே சென்னையைப் பிடித்தான். அதை மீட்க வந்த ஆற்காட்டு நவாபின் பெரும்படையை அவ்வாண்டின் இறுதியில் சில நூறு பேரே கொண்ட பிரெஞ்சுப் படை அடையாற்றங்கரையில் முறியடித்தது. ஒழுங்காகப் பயின்ற சிறு படைக்கு முன்னால் நம் மன்னர்களின் பெருங்கூட்டம் நில்லாது என்பதை ஐரோப்பியர் அன்று தெரிந்துகொண்டனர். நம்மவர் அதைத் தெரிந்துகொண்டார்களா என்பதே கேள்வி.

1747-இல் பிள்ளை தலைமைத் துபாஷியானார். முன்பு அப்பதவியில் இருந்த கனகராய முதலியார் கிறிஸ்தவர். அப்பதவி கிறிஸ்தவருக்கே உரியது என்று பாதிரிமாரும் டூப்ளேயின் மனைவியும் எவ்வளவோ முயன்றும், பிள்ளையின் திறமைக்கு மாற்று அகப்படவில்லை. ஆனால் அடுத்த ஆண்டிலேயே அவருக்குக் கடுஞ்சோதனை வந்தது. ஆங்கிலத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது, நகரின் வேதபுரீசுவரர் ஆலயம் கவர்னரின் ஆணையால் இடிக்கப்பட்டது. நகரத்து இந்துக்களில் முதல்வராக மதிக்கப்பட்ட பிள்ளையால் அதைத் தடுக்க முடியவில்லை. மனம் வெதும்பி அதைத் தம் குறிப்பில் எழுதிவைக்க மட்டுமே அவரால் இயன்றது. அதிகாரத்திற்கு அருகில் இருப்பது வேறு, அதிகாரம் உடையவராக இருப்பது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

முற்றுகை தோற்றது. ஆங்கிலேயர் பின்வாங்கினர். பிரெஞ்சுக்காரர் வெற்றி மிதப்பில் இருக்கையில், அதே 1748-ஆம் ஆண்டு அக்டோபரில் ஐரோப்பாவில் எய்க்ஸ்-லா-ஷாப்பேல் என்னும் ஊரில் சமாதான உடன்படிக்கை கையொப்பமாயிற்று. அதன்படி சென்னை மீண்டும் ஆங்கிலேயரைச் சேர்ந்தது. வட அமெரிக்காவில் பிரெஞ்சுக்காரர் இழந்திருந்த லூயிபூர் என்னும் கோட்டைக்கு அது மாற்றுப் பண்டம். கடைத்தெருவில் ஒரு சரக்கைக் கொடுத்து மற்றொன்றை வாங்குவதுபோலத் தமிழ் நாட்டு நகரம் ஒன்று கைமாறியது. அந்நகரில் வாழ்ந்த பல்லாயிரம் மக்களையோ, அதற்கு நிலம் கொடுத்த நாட்டாரையோ எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதன் பின்னர் டூப்ளே வாளை உறையிலிட்டானில்லை. நம் மன்னர்களின் வாரிசுச் சண்டைகளில் புகுந்தான். ஆற்காட்டில் சந்தாசாகிப், ஐதராபாத்தில் முசபர் ஜங் ஆகியோரை அவன் ஆதரிக்க, ஆங்கிலேயர் முகமது அலியை ஆதரித்தனர். ஐரோப்பாவில் சமாதானம், ஆற்காட்டில் யுத்தம்! திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போது புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆங்கிலேயருக்குத் தானியமும் படையும் தந்து உதவினார். எந்தப் பக்கம் வென்றாலும் வெல்பவன் அந்நியனே என்று உணர்ந்தவர் அன்று எத்தனை பேர்? பிள்ளைக்கு அது பொற்காலம். முசபர் ஜங் அவருக்கு மூவாயிரம் குதிரைக்குரிய மன்சப் பதவியும், விஜயம் என்ற சிறப்போடு கூடிய பட்டமும், செங்கற்பட்டில் ஜாகீரும் அளித்தான். பல்லக்கிலேறிக் கவர்னர் மாளிகைக்குள் செல்லும் மரியாதையும் அவருக்குக் கிட்டியது. ஆனந்தப்புரவி என்ற சொந்தக் கப்பல் அவருக்கு இருந்தது. புலவர்கள் அவரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு தமிழிலும் வடமொழியிலும் காவியம் செய்தனர்.

ஆனால் பாரிஸில் வீற்றிருந்த கும்பினி முதலாளிகளுக்கு வேண்டியது லாபமேயன்றி ராஜ்யமன்று. யுத்தச் செலவு பெருகுவதைக் கண்டு 1754-இல் டூப்ளேயைத் திருப்பியழைத்தனர். அவனுக்குப் பதில் வந்த கோதே ஆங்கிலேயரோடு சமாதானம் பேசினான். பிள்ளையின் நட்சத்திரமும் அத்துடன் சாய்ந்தது. உடல் நலிந்த அவரை லேரி என்ற கவர்னர் 1756-இல் பதவியினின்றும் நீக்கினான். அதே ஆண்டில் ஐரோப்பாவில் ஏழாண்டு யுத்தம் மூண்டது. 1758-இல் வந்திறங்கிய லாலி நாட்டாரின் மனமும் அறியாமல், தன் அதிகாரிகளின் மனமும் அறியாமல் கோபத்தையே ஆயுதமாகக் கொண்டான். தஞ்சையிலும் சென்னையிலும் அவன் படையெடுப்புகள் தோற்றன. 1760-ஆம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி வந்தவாசியில் பிரெஞ்சுப் படை முறிந்தது. ஆங்கிலேயர் புதுச்சேரியை வளைத்துக்கொண்டனர். நகரில் பசி தாண்டவமாடிற்று. 1761-ஆம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பிள்ளை கண்மூடினார். நான்கு நாட்கள் கழித்து நகரம் சரணடைந்தது. ஆங்கிலேயர் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினர்.

1763-இல் பாரிஸ் உடன்படிக்கை புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரருக்குத் திருப்பித் தந்தது. ஆனால் இந்தியாவில் அவர்களுடைய ராஜ்யக் கனவு முடிந்தது. டூப்ளே அவ்வாண்டிலேயே வறுமையில் இறந்தான். லாலியை 1766-இல் அவன் தேசத்தாரே சிரச்சேதம் செய்தனர். சென்னையைப் பிடித்த லபூர்தொனேயும் முன்னரே பாரிஸில் சிறையிருந்து மீண்டு மாண்டவன். தன் ஊழியர்களை இவ்வாறு நடத்திய ராஜ்யம் நைனியப்ப பிள்ளையை நடத்திய விதத்தைக் கண்டு வியப்பதற்கில்லை.

அந்நியனுக்கு ஊழியம் செய்து செல்வம் சேர்த்தவரை நாம் ஏன் நினைக்க வேண்டும் என்று தேசபக்தர் ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பிள்ளை விடுதலை வீரரல்லர். டூப்ளேயின் வெற்றியைத் தம் வெற்றியாகவே அவர் கருதினார். தம் திறமையெல்லாம் யாருடைய கோட்டைக்கு மதிலாயிற்று என்பதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை. தேசம் என்ற கருத்தே உருவாகாத காலத்தில் வாழ்ந்தவரிடம் அதை எதிர்பார்ப்பதும் முறையன்று. இருப்பினும் குற்றத்தை மறைக்க வேண்டுவதில்லை. அவரைப்போன்ற கூர்மதியினர் நூறு பேர் நம் கரையோரத் துறைமுகங்களில் இருந்தனர். அவர்களுடைய பணமும் மொழியறிவும் ஊர்ச்செல்வாக்கும் கும்பினிகளுக்குக் கிடைத்ததேயன்றி, ஒன்றுகூடிச் சொந்தக் கப்பற்படை கட்டவோ, நெசவாளனைக் காக்கவோ உதவவில்லை. அந்நியன் வந்து வென்றான் என்பது பாதிக் கதை. நம்மவர் கைகொடுத்து ஏற்றினர் என்பது மறுபாதி. அந்த மறுபாதியைத் தம் வாக்குமூலமாகவே எழுதிவைத்த காரணத்தினாலேயே பிள்ளை நம் நன்றிக்கு உரியவராகிறார்.

அவருடைய ஏடுகள் பல காலம் வீட்டிலேயே கிடந்தன. 1846-ஆம் ஆண்டில் கலுவா-மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு பிரதி எடுத்தார். சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரையில் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பன்னிரண்டு பகுதிகளாக வெளியிட்டது. தமிழன் தமிழில் எழுதிய நூலை உலகம் முதலில் அந்நிய மொழியில் படித்தது! புதுச்சேரியில் அவர் வாழ்ந்த மாளிகையும், அவர் பெயர் தாங்கிய வீதியும் இன்றும் இருக்கின்றன.

அன்று சண்டையிட்ட ஐரோப்பிய தேசங்களில் பல இன்று ஒன்றியமாக இணைந்திருக்கின்றன. இங்கிலாந்து மட்டும் அதில் சேர்ந்து, 2020-ஆம் ஆண்டில் பிரிந்து சென்றது. பீரங்கிக் கப்பல்கள் இப்பொழுது வருவதில்லை. ஆனால் நம்முடைய ஆயத்த ஆடைக்கும் இறாலுக்கும் அங்கே என்ன வரி, என்ன விதி என்பதை அங்குள்ள சபைகளே தீர்மானிக்கின்றன. அத்தீர்மானம் திருப்பூர்த் தையற்காரனின் கூலியையும், சோழமண்டலக் கரை மீனவனின் விலையையும் தொடுகிறது. உலகத்தினின்றும் விலகி வாழ்தல் இயலாது, விலகவும் வேண்டியதில்லை. ஆனால் உலகம் பேசும் சபையில் நம் மக்களின் குரலும் ஒலிக்க வேண்டும். கரையில் நின்று கப்பல்களை எண்ணிக்கொண்டிருந்த துபாஷியின் காலம் போய்விட்டது. சுதந்திர நாட்டின் அரசாங்கம் எந்த உடன்படிக்கையில் கையொப்பமிடுவதற்கு முன்னரும், ஜெகதாப்பட்டினத்து மீனவனைப் போன்றவர்களை அழைத்து, உன் கருத்து யாது என்று கேட்குமாயின், ஆனந்தரங்கம் பிள்ளையின் ஏடுகளை நாம் வீணாகப் படிக்கவில்லை என்று கொள்ளலாம்.