உதைபந்தாட்டத் தந்தை நாகேந்திர பிரசாத் சர்பாதிகாரி

வீரர், புலவர், துறவியர் ஆகியோரின் வரலாற்றை ஆண்டு மலர்களில் வரைவது வழக்கம். விளையாட்டு மைதானத்திலே நின்று சமூகத் தொண்டாற்றிய பெரியாரை நாம் அத்துணை நினைப்பதில்லை. ஊவா மலைநாட்டிலே வேலை ஓய்ந்த மாலைப் பொழுதில், லயத்து வாசலிலே பந்துதைத்து மகிழாத சிறுவரைக் காண்பது அரிது. பதுளையிலும் பசறையிலும் ஹாலிஎலயிலும் தோட்டத்துக்கோர் அணி சேர்க்க வாலிபர் கொள்ளும் ஆர்வம் நாம் அறிந்ததே. ஆயின், அணி சேர்ப்பது எவ்வாறு, அவ்வணியில் எவரைச் சேர்ப்பது, பல அணிகளை ஒரு முறையில் இணைத்து ஆடச் செய்வது எங்ஙனம் என்னும் கேள்விகள் எழும்போது நமக்கு ஒரு வழிகாட்டி வேண்டும். அத்தகைய ஒருவர் வங்கநாட்டில் வாழ்ந்தார். இந்திய உதைபந்தாட்டத்தின் தந்தை எனப் போற்றப்படும் நாகேந்திர பிரசாத் சர்பாதிகாரியே அவர்.

சர்பாதிகாரி என்னும் பெயர் நம் செவிக்குச் சர்வாதிகாரி என ஒலித்து வேறு பொருள் தரக்கூடும். அது அக்குடும்பத்தார் வழிவழியாகத் தாங்கிவந்த பட்டப்பெயர். இவரோ அதிகாரம் செலுத்தியவரல்லர். அதிகாரத்தை எதிர்த்து நின்றவர்.

நாகேந்திரர் 1869ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் சூரியகுமார் சர்பாதிகாரி பேர்பெற்ற வைத்தியர். 1877ஆம் ஆண்டளவில், தாயாருடன் கங்கையில் நீராட வண்டியிற் சென்ற சிறுவன், கல்கத்தா மைதானத்திலே வெள்ளையர் பந்தாடுவதைக் கண்டு வண்டியை விட்டிறங்கினான் என்றும், தன்னருகே உருண்டு வந்த பந்தை அவர்கள்பால் உதைத்து அனுப்பினான் என்றும் வரலாறு கூறும். மறுநாளே ஹேர் பாடசாலை மாணவரிடம் காசு சேர்த்து ஒரு பந்து வாங்கினான். ஆனால் வாங்கிய பந்தோ ரக்பி ஆட்டத்துக்குரியது! அதனைச் சிறுவர் உதைத்து அல்லற்படுவதைக் கண்ட பிரசிடென்சிக் கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக் என்பார், ஏற்ற பந்தையும் ஆட்ட விதிகளையும் அவர்களுக்கு அளித்துதவினார் என்பர். இவ்வாறு தோன்றிய மாணவர் கழகமே இந்தியர் அமைத்த முதல் உதைபந்தாட்டக் கழகமாகக் கருதப்படுகின்றது.

அன்றுதொட்டு நாகேந்திரர் சென்றவிடமெல்லாம் கழகம் முளைத்தது. ஆடுவதில் வல்லவர் பலர் உளர்; ஆட்டுவிப்பதில் வல்லவர் சிலரே. பந்து, மைதானம், உறுப்பினர் பட்டியல், சந்தா, பயிற்சி நேரம் என்பவற்றை ஒழுங்கு செய்வது கைதட்டல் பெறாத தொழில். அத்தொழிலை அவர் இளமையிலேயே விரும்பி ஏற்றார்.

1880களின் நடுவிலே அவர் வெலிங்டன் கழகத்தை நடத்திவந்தார். நூற்றுக்கணக்கானோர் சேர்ந்த செழிப்பான கழகம் அது. மணி தாஸ் என்னும் வாலிபரை அதிற் சேர்க்க நாகேந்திரர் விரும்பினார். மணி தாஸ் நல்ல ஆட்டக்காரர். ஆனால் குயவர் மகன். உயர்குலத்தோர் எனத் தம்மை எண்ணிக்கொண்ட உறுப்பினர்கள் அவருடன் ஒன்றாய் ஆட மறுத்தனர். வேறொருவராயிருந்தால் ஒரு வாலிபனுக்காக ஒரு கழகத்தை இழப்பதா என்று சமாதானம் தேடியிருப்பார். நாகேந்திரரோ கழகத்தையே கலைத்துவிட்டார். பின்னர், தாம் பெண்கொண்ட சோபாபஜார் அரச குடும்பத்தாரின் ஆதரவுடன் சோபாபஜார் கழகத்தை நிறுவி, சாதி மத பேதமின்றி அதன் வாயிலைத் திறந்துவைத்தார். மணி தாஸ் அக்கழகத்தில் முதலிற் சேர்ந்தோருள் ஒருவரானார்.

இச்செயலால் ஆட்டம் கெட்டதா? இல்லை. 1889ஆம் ஆண்டு தொடங்கிய டிரேட்ஸ் கிண்ணப் போட்டியில் ஐரோப்பிய அணிகளுக்கிடையே சோபாபஜார் துணிந்து இறங்கியது. 1892ஆம் ஆண்டிலே கிழக்கு சர்ரே படைப்பிரிவின் அணியை 2க்கு 1 என்ற கோல் கணக்கில் வென்றது. இந்திய அணியொன்று ஐரோப்பிய அணியைப் போட்டியில் வென்றமை கண்டு நாடே வியந்தது. பத்தொன்பது ஆண்டுகளின் பின், 1911 ஜூலை 29ஆம் திகதி மோகன் பகான் கழகத்தினர், ஒருவர் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யார்க்ஷயர் படையணியை வென்று கேடயம் பெற்றனர். அப்பெருவெற்றிக்கு வித்திட்டது சோபாபஜாரே எனலாம்.

1893ஆம் ஆண்டு இந்திய உதைபந்தாட்டச் சங்கம் கல்கத்தாவில் உருவாயிற்று. அதன் கேடயப் போட்டியின் தோற்றத்தில் நாகேந்திரருக்கும் பங்குண்டு. ஆயினும் நிர்வாகம் நெடுங்காலம் ஐரோப்பியர் கையிலேயே இருந்தது. அதன் விளைவை லீக் போட்டியின் வரலாற்றிலே தெளிவாகக் காணலாம்.

லீக் என்பது யாது? கிண்ணப் போட்டியில் ஒருமுறை தோற்ற அணி வீடு திரும்பவேண்டியதுதான். லீக்கிலோ ஒவ்வோர் அணியும் ஏனைய அணிகள் எல்லாவற்றோடும் குறித்த நாட்களில் ஆடும். வெற்றிக்கு 2 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி என்பது அக்கால முறை. இக்காலத்தில் வெற்றிக்கு 3 புள்ளி வழங்குவர். பருவ முடிவில் மிகுந்த புள்ளி பெற்ற அணி முதலிடம் பெறும். இங்கிலாந்திலே 1888ஆம் ஆண்டு 12 கழகங்களுடன் முதல் லீக் தொடங்கியது. அணிகள் பெருகியபோது, மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என வகுத்தனர். கீழ்ப்பிரிவில் முதன்மை பெற்றது மேலேறும். மேற்பிரிவில் பின்தங்கியது கீழிறங்கும். இந்த ஏணி இருப்பதனால்தான் கீழ்ப்பிரிவு அணியும் நம்பிக்கையோடு ஆடுகின்றது. ஏணியை எடுத்துவிட்டால் அது வெறும் ஒதுக்கிடம்.

கல்கத்தா லீக் 1898ஆம் ஆண்டு தொடங்கியது. இந்தியக் கழகங்களுக்கு அதில் இடமில்லை. 1914ஆம் ஆண்டிலேதான் மோகன் பகானும் ஆரியன்ஸும் இரண்டாம் பிரிவிற் சேர்க்கப்பட்டன. கேடயம் வென்று மூன்றாண்டு கழிந்த கழகம் கீழ்ப்படியிலிருந்தே ஏறவேண்டியதாயிற்று. ஏறியது, 1915ஆம் ஆண்டு முதற் பிரிவில் ஆடியது. ஆனால் அங்கும் ஒரு தடை. முதற் பிரிவில் இரண்டு இந்தியக் கழகங்களுக்கு மேல் இருத்தலாகாது என்றொரு விதி இருந்தது. 1924ஆம் ஆண்டு ஈஸ்ட் பெங்கால் கழகம் இரண்டாம் பிரிவில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டபோது அவ்விதி குறுக்கே நின்றது. வாதம் மூண்டது, விதி வீழ்ந்தது. 1925ஆம் ஆண்டு அக்கழகம் முதற் பிரிவில் ஆடியது. அடுத்து முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் இரண்டாம் பிரிவிலிருந்து மேலேறி, 1934ஆம் ஆண்டு முதற் பிரிவின் முதன்மையைப் பெற்றது. அப்பெருமையை அடைந்த முதல் இந்தியக் கழகம் அதுவே. தொடர்ந்து 1938 வரை ஐந்தாண்டும் அதுவே வென்றது. முஸ்லிம் வாலிபரின் கழகம் பெற்ற இவ்வெற்றியை இந்து வாலிபராகிய நாமும் மனமுவந்து பாராட்டல் வேண்டும். நாகேந்திரர் திறந்த வாயில் எல்லோருக்குமாகத் திறந்த வாயிலன்றோ!

இம்மாற்றங்கள் யாவற்றையும் கண்டபின், 1940ஆம் ஆண்டு ஜனவரியில் நாகேந்திரர் மறைந்தார்.

கல்கத்தாவின் கதை நமக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். பட்டியலில் பெயரில்லாதிருப்பதன் துன்பத்தை மலையகத்தார் நன்கறிவர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையும் அதன் வடுவைச் சுமந்த சமூகம் நம்முடையது. பிறர் நம்மைப் பட்டியலினின்றும் நீக்கியபோது நியாயம் கேட்டோம். அந்நியாயத்தை நாம் பிறர்க்கு வழங்குகின்றோமா? லயத்துக் காம்பிராவையும் சாதி பார்த்துப் பங்கிட்ட காலம் ஒன்று தோட்டங்களில் இருந்தது. இன்றும், கோயில் திருவிழாவிலோ கழகத் தெரிவிலோ அப்பழைய கணக்கு எட்டிப் பார்க்குமானால் நாம் வெட்கப்படவேண்டும்.

நம் நாட்டில் 1939ஆம் ஆண்டு உதைபந்தாட்டச் சங்கம் அமைந்தது. அதன் கீழ் ஊர்தோறும் லீக்குகள் இயங்கலாயின. மேடும் பள்ளமுமான ஊவாவில் சமநிலம் கிடைப்பதே அரிது. மடுல்சீமையிலிருந்து பதுளை நகருக்கு ஓர் அணி வந்து திரும்புவதென்றால் பஸ் கூலியும் ஒரு நாட் சம்பளமும் செலவாகும். ஆதலால் அட்டவணையை முன்கூட்டியே அறிவித்தல், குறித்த நாளில் தவறாது ஆடுதல், நடுவர் தீர்ப்புக்குப் பணிதல், புள்ளிக் கணக்கை எல்லோரும் காண எழுதிவைத்தல், வரவு செலவை மறைக்காதிருத்தல் என்பன சிறு கருமங்களல்ல. நேர்மையற்ற அட்டவணை ஏழை அணியைத்தான் முதலில் வீழ்த்தும்.

வாலிப அன்பர்களே! அடுத்த பருவத்துக்கு அணி தெரியும்போது, பட்டியலை ஒருமுறை உற்றுப் பாருங்கள். நன்றாய் ஆடவல்ல ஒருவன், எவர் மகன், எந்த லயத்தான், எம்மதத்தான் என்ற காரணத்தால் வெளியே நிற்பானாயின், அவன் பெயரை எழுதிய பின்னரே பட்டியலிற் கையொப்பமிடுங்கள். நாகேந்திரரை நாம் போற்றுவதற்கு அதனினும் சிறந்த வழி இல்லை.