லுட்விக்: தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்தவர்

ஞானப்பல் முளைக்கிற வயசு நமக்கு. ஹாஸ்டலில் தாடை வீங்கினா ஒரு பாராசிட்டமால் போட்டுட்டு, இன்டர்னல்ஸ் முடியட்டும்னு தள்ளிப்போடுற ஆளா நீங்க? அப்போ இவரைப் பற்றித் தெரிஞ்சுக்கங்க.

வில்ஹெல்ம் ஃபிரெட்ரிக் ஃபான் லுட்விக். 1790-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் பிறந்தார். டூபிங்கனில் மருத்துவம் படித்தார். நெப்போலியனின் 1812 ரஷ்யப் படையெடுப்பில் ராணுவ மருத்துவராகப் போய்ச் சிறைபட்டார். ஊர் திரும்பிய பிறகு வூர்ட்டம்பெர்க் அரச குடும்பத்தின் மருத்துவரானார்.

ஆனா இன்னைக்கும் மருத்துவ மாணவர்கள் அவர் பெயரைப் படிப்பது அரண்மனை வேலைக்காக இல்லை. 1836-ல் ஐந்து நோயாளிகளைப் பற்றி அவர் எழுதிய ஒரு கட்டுரைக்காக. தாடைக்குக் கீழே வீக்கம். தொட்டா மரக்கட்டை மாதிரி இறுக்கம். நாக்கு மேலே தூக்கிக்கொள்ளும். ஆனா தொண்டைக்குள் பெரிசா ஒண்ணும் தெரியாது. வீக்கம் வேகமாகப் பரவி உயிரையே எடுக்கும். அடுத்த வருஷமே இதற்கு லுட்விக் ஆஞ்சைனா என்று பெயர் வந்தது. நெஞ்சுவலி ஆஞ்சைனா வேற. இங்கே அந்த லத்தீன் சொல்லுக்குக் கழுத்து நெரிபடுவது என்று அர்த்தம்.

கிருமிதான் காரணம்னு நிரூபணமாகாத காலம் அது. பெனிசிலின் வர இன்னும் 100 வருஷம் இருந்தது. கண்ணையும் கையையும் மட்டும் வைத்து அவர் இதைப் பிரித்துக் காட்டினார்.

பெரும்பாலும் தொடக்கம் கீழ்க்கடைவாய்ப் பல்லில்தான். அதன் வேர்நுனி, வாயின் தரையாக இருக்கிற தசைக்கும் கீழே இறங்கியிருக்கும். அங்கே பிடிக்கிற சீழ் நேராகக் கழுத்துப் பக்கம் போகும். நாக்கு பின்னால் தள்ளப்பட்டு மூச்சுப்பாதை அடைபடும். அதனால் டாக்டர்கள் முதலில் மூச்சுக்கு வழி செய்வார்கள். நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற்றுவார்கள். தேவைப்பட்டால் கீறிச் சீழை வெளியேற்றி, பல்லையும் எடுப்பார்கள். ஒரு காலத்தில் பாதிப் பேருக்கு மேல் கொன்ற நோயில், இப்போ சீக்கிரம் போனால் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள்.

லுட்விக் 1865-ல் இறந்தார். அவருக்கும் கடைசியில் கழுத்தில்தான் அழற்சி வந்தது என்று சொல்வார்கள்.

வெறும் பல்வலின்னா பல் டாக்டரைப் பாருங்க. ஆனா வீக்கம் தாடையின் இரண்டு பக்கமும் கல்லு மாதிரி ஆகுதா? எச்சில் விழுங்க முடியலையா? குரல் மாறுதா? படுத்தா மூச்சு முட்டுதா? இதில் ஒண்ணு இருந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க. 108-ஐக் கூப்பிட்டு, நம்ம புத்தூர் ஜி.ஹெச். எமர்ஜென்சிக்குப் போயிடுங்க. இன்டர்னல்ஸ் திரும்ப எழுதிக்கலாம்.